115 கிலோவைக் கழற்றினால் என்ன ஆகும்?

1972 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் '911 கரேரா ஆர்எஸ் 2.7' என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. ஆர்எஸ் என்பது ஜெர்மன் மொழியில் ரென்ஸ்போர்ட், அதாவது மோட்டார் பந்தயம். குரூப் 4 பந்தயப் பிரிவில் ஓட வேண்டுமானால் அந்தக் காரில் 500 வண்டிகளாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்காகவே பிறந்த வண்டி இது.

இதன் 'ஸ்போர்ட்' வகையின் கதவைத் திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, இல்லாத பொருள்கள்தான். பின் இருக்கை இல்லை. டேஷ்போர்டில் கடிகாரம் இல்லை. கோட்டு மாட்டும் கொக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. கதவைத் திறக்க ஒரு பட்டை மட்டும் தொங்கும். இழுத்தால் தாழ் விடுபடும். உடல் தகடும் கண்ணாடியும் வழக்கத்தைவிட மெல்லியவை. இத்தனையும் சேர்ந்து எடையை 960 கிலோவுக்குக் கொண்டுவந்தன. வசதிகளோடு விற்ற 'டூரிங்' வகை 1,075 கிலோ. இரண்டிலும் ஒரே எஞ்சின்தான், 210 குதிரைத்திறன்.

சரி, 115 கிலோ குறைந்ததில் என்ன லாபம்? ஸ்போர்ட் வகையில் ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டியது ஏறக்குறைய 4.6 கிலோ. டூரிங் வகையும் அதே விகிதத்துக்கு வர வேண்டுமானால் அதற்கு 235 குதிரைத்திறன் வேண்டும். எஞ்சினைத் தொடாமலே 25 குதிரைகள் கிடைத்த மாதிரி. ஆனால் என்னைக் கவர்வது இந்தக் கணக்கு இல்லை. கூடுதல் குதிரைத்திறன் வேகம் எடுக்கும்போது மட்டும்தான் உதவும். குறைந்த எடையோ பிரேக் போடும்போதும், வளைவிலும் உதவும்.

பிரேக்கைப் பார்ப்போம். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் 960 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். கார் நிற்க வேண்டுமானால், அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக மாறியாக வேண்டும். 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை இப்படி நடக்கும். எடை 12 சதவீதம் கூடினால் அந்த வெப்பமும் 12 சதவீதம் கூடும்.

வளைவில் நடப்பது இன்னும் நுட்பமானது. டயர் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் அதன் பிடிமானம் இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆனால் காரை வளைவில் திருப்பத் தேவையான விசை சரியாக இரண்டு மடங்காகிவிடும். அதனால் அதே டயரில் கனமான வண்டி முதலில் வழுக்கும்.

எடை குறைந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது; வழுக்கினால் வால் ஊசல் போல வீசும். போதாக்குறைக்கு, சரிவான பின்புறத்தின் மேல் வேகமாக ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து வண்டியைத் தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூக்கு விசை நான்கு மடங்காகும். அப்போதுதான் எஞ்சின் மூடியின் மேல் வாத்து வால் போல நிமிர்ந்த ஒரு விளிம்பைப் பொருத்தினார்கள். அந்த விளிம்பின் முன்புறத்தில் காற்று வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, தூக்கு விசை குறைகிறது. பின்சக்கரங்களையும் 7 அங்குல அகலமாக்கினார்கள். முன்சக்கரங்கள் 6 அங்குலம்தான்.

500 போதும் என்று தொடங்கிய கார் கடைசியில் 1,580 விற்றது. அதில் ஸ்போர்ட் வகையை வாங்கியவர்கள் சுமார் 200 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் வசதியான டூரிங்கைத்தான் எடுத்தார்கள். அப்புறம் இதையே இன்னும் அகலமாக்கி, எஞ்சினைப் பெரிதாக்கி உருவான ஆர்எஸ்ஆர், 1973-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் சிசிலியின் மலைப்பாதைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோவையும் வென்றது.