சைக்கிளுக்கு அகலம் எங்கே இருக்கிறது?

மொட்டை மாடியில் நின்று கீழே நிற்கும் ஒரு சைக்கிளைப் பாருங்கள். இங்கிலீஷ் 'T' எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். நீளம் சுமார் 1.8 மீட்டர். டயரின் அகலம் மூன்று நான்கு செ.மீ., சீட் ஒரு சாண், பெடல் இரண்டையும் சேர்த்தால் ஒரு முழம்கூட வராது. ஹேண்டில்பார் மட்டும் 60 செ.மீ. வரை விரிந்து நிற்கிறது. அதாவது அந்த வண்டி அகலமாக இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான், அதுவும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நாம் படும் பாடு முழுக்க அந்த ஒரு கம்பியால் வருவது.

எனக்கு இது உறைத்தது எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில். கல்லூரிக்குப் போன நாட்களில் தினமும் அங்கேதான் வண்டியை விடுவேன். ஸ்டாண்டு அண்ணன் ஹேண்டிலில் டோக்கனை மாட்டிவிட்டு, "தம்பி, சைடு ஸ்டாண்டு போடாதே, அப்படியே விட்டுட்டுப் போ" என்பார். நான் ரயிலைப் பிடிக்க ஓடுவேன். ஒருநாள் ரயில் தாமதம், சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தை அலாக்காகத் தூக்கி, முன்சக்கரத்தை அச்சாக வைத்து ஒரு திருப்பு. ஒரு வண்டி சுவரைப் பார்க்க, அடுத்தது வழியைப் பார்க்க, அதற்கடுத்தது மறுபடி சுவரைப் பார்க்க. ஒன்றின் ஹேண்டில்பார் பக்கத்து வண்டியின் கேரியருக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. கேரியர் உயரம் முக்கால் மீட்டர், ஹேண்டில் ஒரு மீட்டர், ஆகவே இடிக்காது. நாமாக நிறுத்தினால் இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் அவர் மூன்றரை வண்டி சொருகிவிடுவார் (அந்த அரை, சின்னப் பையன்களின் சைக்கிள்).

சைடு ஸ்டாண்டு மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அப்போது புரியவில்லை. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி சுமார் 10 டிகிரி சாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹேண்டில் 17 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. எல்லா வண்டியும் ஒரே பக்கம் சாய்ந்தால் நஷ்டமில்லை, அலமாரியில் சாய்ந்து நிற்கும் புத்தகங்கள் மாதிரி. ஒன்று நேராகவும் அடுத்தது சாய்ந்தும் நின்றால்தான் போச்சு, பிரேக் லீவர் பக்கத்து வண்டியின் ஒயரில் மாட்டும், ஒன்றை இழுத்தால் வரிசையே சரியும்.

பள்ளிக்கூட ஷெட்டுகளில் இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள் அல்லவா, ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே அச்சு என்பதால் எல்லா ஹேண்டிலும் ஒரே உயரம். மணி அடித்ததும் இழுத்துப் பாருங்கள், கொம்போடு கொம்பு கோத்த ஆடு மாதிரி நிற்கும். கலவையான வண்டிகள் நிற்கும் இடத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு, குட்டை வண்டியின் ஹேண்டில் நெட்டை வண்டியின் ஹேண்டிலுக்குக் கீழே நுழைந்துகொள்ளும்.

இந்த உயர வித்தியாசத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால்? நெதர்லாந்தில் செய்வது அதைத்தான். அங்கே சைக்கிள் ஸ்டாண்டுகளுக்கென்றே தர முத்திரை ஒன்று உண்டு, 'ஃபீட்ஸ்பார்க்கர்' என்று பெயர். எல்லா வண்டியும் ஒரே மட்டத்தில் நிற்கும் ஸ்டாண்டானால் நடு மையத்திலிருந்து நடு மையத்துக்கு 65 செ.மீ. விட வேண்டும். ஒன்றின் முன்சக்கரம் தரையில், அடுத்தது உயரத் தூக்கிய தண்டவாளத்தில் என்று மாற்றி மாற்றி வைத்தால் 37.5 செ.மீ. போதும். 10 மீட்டர் சுவரில் கணக்குப் போடுங்கள்: முதல் வகையில் 15 வண்டி, இரண்டாவதில் 26. கூரையை உயர்த்தவில்லை, மோட்டார் எதுவும் இல்லை, முன்சக்கரத்தைத் தூக்கியது மட்டும்தான் வேலை.

சாய்வாக நிறுத்துவதிலும் இதே தந்திரம் ஒளிந்திருக்கிறது. சுவருக்கு 45 டிகிரியில் நிறுத்தினால் வழி அகலமாகிறது என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். அது சரிதான், சுவரிலிருந்து வழிவரை வரிசை பிடிக்கும் 2 மீட்டர் ஆழம் ஒன்றரைக்கு வந்துவிடும். ஆனால் அப்படி நிறுத்தும்போது ஒவ்வொரு வண்டியும் பக்கத்து வண்டியைவிடக் கொஞ்சம் பின்தங்கி நிற்கிறதைக் கவனியுங்கள். சுவரோரம் 50 செ.மீ. இடைவெளி விட்டால், வண்டிகளுக்கு நடுவே 35 செ.மீ., அதே சமயம் ஹேண்டில்கள் ஒன்றுக்கொன்று 35 செ.மீ. முன்பின்னாக விலகிவிடுகின்றன. உயரத்தில் விலக்கினாலும் நீளத்தில் விலக்கினாலும் ஒன்றுதான், இரண்டு கம்பிகள் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது, அவ்வளவே.

அப்புறம் எதிரெதிர் வரிசை. நடுவில் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் இரண்டு வரிசைகளின் முன்சக்கரங்களை விரல் கோப்பது போலக் கோத்துவிட்டால், 4 மீட்டர் ஆழம் தேவைப்படும் இடத்தில் சுமார் 3 மீட்டர் போதும்.

இதுவரை வண்டி நிற்கும் இடத்தைப் பற்றியே பேசினோம். வண்டியை உருட்டிப் போகும் வழி? அங்கேதான் இடம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. ஒரு வண்டிக்கு எவ்வளவு தரை என்று தோராயமாகப் பார்க்கலாம். வழி 1.8 மீட்டர் அகலம், அதில் பாதி இந்த வரிசையின் கணக்கில், பாதி எதிர் வரிசையின் கணக்கில். சாதாரணமாக 65 செ.மீ. இடைவெளியில் நிறுத்தினால் ஒரு வண்டிக்கு 1.9 சதுர மீட்டர். உயர்வு தாழ்வு வைத்து, சக்கரங்களையும் கோத்துவிட்டால் 0.9 சதுர மீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் வழி. இனி இரண்டடுக்கு ஸ்டாண்டு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேலடுக்குத் தட்டை வெளியே இழுக்க வேண்டும் என்பதால் வழி இரண்டரை மீட்டராவது வேண்டும், கணக்கு 0.6 வாக்கில் வருகிறது. அதாவது செலவே இல்லாத வேலையில் பாதிக்கு மேல் மிச்சமாகிவிட்டது, காசைக் கொட்டி இரண்டடுக்கு போட்டால் கிடைப்பது மிச்சமிருப்பதில் மூன்றில் ஒன்று. எடுத்தவுடனே மாடி கட்டச் சொல்லும் ஆட்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டடுக்கு ஸ்டாண்டு மோசம் என்று சொல்ல வரவில்லை. அதன் பொறி அழகானது. தட்டை இழுத்தால் சரிந்து தரைக்கு வரும், குழிவில் சக்கரத்தை ஏற்றி, மேலே தள்ளினால் உள்ளே போய்விடும். 20 கிலோ வண்டியை ஒரு மீட்டருக்கு மேல் தூக்குகிற வேலையில் பாதியை ஸ்பிரிங் அல்லது வாயு அடைத்த உருளை பார்த்துக்கொள்கிறது. தட்டு இறங்கும்போது வாயு அமுங்கிச் சக்தியைச் சேமிக்கும், ஏறும்போது திருப்பிக் கொடுக்கும். காரின் டிக்கிக் கதவைத் தாங்குகிற அதே உருளை. ஆனால் பேட்டரி சைக்கிள் 25 கிலோ இருக்கும், முன்னால் கூடை, பின்னால் குழந்தை சீட் வேறு. ஆகக் கீழே இடம் இருக்கும்வரை யாரும் மேலே ஏற்ற மாட்டார்கள்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் அடியில் மூன்று தளங்களில் 12,500 சைக்கிள்களுக்கு இடம் இருக்கிறது. 2017-ல் ஒரு பகுதி திறந்து 2019-ல் முழுசாக முடித்தார்கள். உள்ளேயே ஓட்டிக்கொண்டு போகலாம். அத்தனை பெரிய இடத்தில் இடம் இருப்பது வேறு, இருக்கும் இடம் கண்ணில் படுவது வேறு, அதனால் எந்த வரிசையில் எத்தனை காலி என்று பலகையில் எண் காட்டுகிறது. முதல் 24 மணி நேரம் இலவசம், அதற்கு மேல் கட்டணம். இந்தக் கட்டணம் வருமானத்துக்காக என்பதைவிட, வண்டியைப் போட்டுவிட்டு மறந்து போகிறவர்களுக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டோக்கியோவின் கசாய் நிலையத்தில் வழி என்ற ஒன்றையே ஒழித்துவிட்டார்கள். 2008-ல் வந்தது. பூமிக்கடியில் 36 உருளைக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் 180 சைக்கிள், மொத்தம் 6,480. மேலே ஒரு சின்னக் கதவு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நகர்ந்தால் இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கிணற்றின் சுவரைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வண்டிகள், நடுவில் லிஃப்ட். மனிதர் நடக்க வேண்டாம் என்றால் வழி எதற்கு?

எங்கள் ஸ்டாண்டு அண்ணனும் வழி விடாதவர்தான். காலையில் டோக்கன் போடும்போதே "எந்த ரயில்ல திரும்புவே?" என்று கேட்பார். ஏதோ விசாரிக்கிறார் என்று நினைத்திருந்தேன். கடைசி ரயிலில் வருபவன் சைக்கிள் சுவரோரம், ஐந்து மணிக்கு வருபவன் சைக்கிள் வாசலோரம். அடுக்கிய தட்டில் கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வருவது போல, முதலில் கிளம்புகிறவன் வண்டி வெளியே இருந்துவிட்டால் நடுவில் வழியே தேவையில்லை. என்னைப் போல ஐந்து மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கு வருபவர்களால்தான் கெட்டுப்போகும்.

இப்போது நான் இருக்கும் அபார்ட்மென்டில் சைக்கிளுக்கு என்று ஒரு 6 மீட்டர் சுவர். ஒன்பது வண்டிதான் நிற்க முடியும், இருந்ததோ பதினான்கு. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி, கார் இடம் ஒன்றைக் கேட்கலாமா என்று வந்து நின்றது. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். ஒவ்வொரு வண்டியிலும் பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துக் காகித நாடா ஒட்டினோம், வண்டியை எடுத்தால் கிழிந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கில் நாடா அப்படியே இருக்கிறது. ஒன்று வீடு காலி செய்து போனவர்களுடையது. மற்ற மூன்றில் ஒன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்னுடையது.

மீதி பத்து வண்டிக்கு மேஸ்திரி வந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 8 அங்குல ஹாலோ பிளாக் வைத்து, ஏற ஒரு சரிவும் பூசிக் கொடுத்தார். 40 செ.மீ. இடைவெளி, பதினைந்து இடம். பிளாக் இருக்கும் இடங்களில் ஏற்றச் சோம்பல்பட்டு முதலில் யாரும் நிறுத்தவில்லை. அந்த ஏழு இடங்களையும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அது ஏற்றம் இல்லை, விளையாட்டு. என் வண்டி டயர் மாற்றி ஓரத்து இடத்தில் நிற்கிறது. பிரேக் லீவர் பக்கத்து வண்டிக் கூடையில் இன்னும் லேசாக உரசுகிறது, ஹேண்டிலை இரண்டு விரல் இறக்கிப் பார்க்க வேண்டும்.