மாடியே இல்லாத வீட்டில் மாடிப்படி விபத்து

ஓசூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் போட்ட வாரம் வந்தால் போதும், ராத்திரியில் 'வழுக்கி விழுந்தவர்கள்' கூட்டம்தான். கடைசியாக வந்த பெண் மாடிப்படியில் உருண்டாராம். சிப்காட் பக்கம் லைன் வீடு, மேலே சிமென்ட் ஷீட். அங்கே ஏது மாடி? கழுத்தில் விரல் தடம் தெளிவாகத் தெரிகிறது. கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா, "அடின்னு எழுதாதீங்க சார், போலீஸ் கேஸ் ஆயிடும்" என்கிறார்.

இந்தப் 'போலீஸ் கேஸ்' பயம் எப்போதுதான் போகுமோ! அடிதடி என்றால் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், காயத்தைப் பதிவு செய்யும் ஏடு) போட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவது எங்கள் கடமை. அது நீங்கள் கொடுக்கும் புகார் அல்ல. அதற்காக வைத்தியமும் நிற்காது. முதலில் உயிர், சட்ட நடைமுறை அப்புறம் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் மருத்துவமனைக்கும் அதேதான். கூட்டி வந்தவர் பெயரை எழுதினால் அவர் குற்றவாளி ஆகிவிடுவாரா என்ன? பொய் சொல்லி எழுத வைப்பதுதான் வம்பு. நாளைக்கு அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போனால், "படியில் விழுந்ததாக நீங்களே சொன்னீர்களே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் நீட்டுவார். (கூண்டில் ஏறி அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள். அது தனிக்கதை.)

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடமே இல்லாமல் உள்ளே வீங்கலாம். குரல் கம்மினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். தலையில் கட்டையால் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டே இருந்து, சில மணி நேரத்தில் நினைவு தப்பலாம். "போதையில தூங்குறான், விடு" என்று நீங்கள் விட்டுவிடுகிறீர்கள்.

கத்தி உடம்பில் இருந்தால் பிடுங்காதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். காபித்தூள் வேண்டவே வேண்டாம். கத்தி வீசுகிறவன் முன்னால் போய் நிற்காதீர்கள், அவசர உதவிக்கு 112-ஐக் கூப்பிட்டால் போதும். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரே, குடும்ப வன்முறையைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது என்று 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது.

இன்னொன்று. கணவரும் கூடவே வந்து நின்றால் அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டார். சீட்டு வாங்கி வரச் சொல்லி அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அனுப்புங்கள். அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் பேசிக்கொள்கிறேன்.