போடாத ஷாட்டின் கணக்கு

கம்பத்தில் எங்கள் கிளப் பையன்கள் கூடைப்பந்து ஆடும் சிமென்ட் தரையிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, கேரளம். போட்டிக்கான பட்டியலில் 12 பேருக்குத்தான் இடம். பதினொரு பெயர் எழுதியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் உள்ளூர்ப் பையன், தூரத்திலிருந்து சுத்தமாக ஷாட் போடுவான். இன்னொருவன் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆறரை அடி உயரம். பந்து அவன் கையில் ஐந்து நொடி இருந்தால் பார்க்கிற நமக்குப் பதறும். ஆனால் எதிரணி நம் ரிங்கை நோக்கி வரும்போது அவன் நிற்கிற நிலையே வேறு.

"புள்ளியே எடுக்காத ஆளை எதுக்குப்பா சேர்க்கணும்? அதுவும் பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்கு?" என்று எங்கள் மூத்த கோச் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணிகளும் 15 பேர் கொண்ட பட்டியலின் கடைசி இடங்களை நிரப்பும்போது இதே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. தடுப்பதற்கென்றே ஒரு மாற்று சென்டர், அதாவது ரிங் அடியில் நிற்கும் நெட்டை ஆள், வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பதே என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஷாட்டின் விலை. என்.பி.ஏ. ஆட்டங்களில் ரிங்குக்கு நேர் அடியில் போடும் ஷாட்டுகளில் 100-க்கு ஏறக்குறைய 65 விழும். ஒன்றுக்கு 2 புள்ளி, ஆக 130. தூரத்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டில் சுமார் 36 விழும், அது 108. இரண்டுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து அடியிலிருந்து போடுவதில் 41 போல விழும், அது 82தான். ஆகவே தடுக்கும் அணியின் வேலை, பந்தைப் பிடுங்குவதைவிட, எதிராளியை 130 ரூபாய்க் கடையிலிருந்து 82 ரூபாய்க் கடைக்குத் தள்ளிவிடுவது. நல்ல சென்டர் ஒருவர் ரிங் அடியில் நின்றால் அந்த 65 என்பது 50-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. 130 புள்ளி 100 ஆகிறது. ரிங்குக்கு அடியில் போடும் ஷாட் மூன்று புள்ளி ஷாட்டைவிட மலிவாகிவிட்டது, பாருங்கள்.

ஸ்கோர் தாளில் தெரிவது பிளாக், அதாவது ஷாட்டை அந்தரத்திலேயே தட்டிவிடுவது, மட்டுமே. அதையும் என்.பி.ஏ. 1973-74 பருவத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கியது. 11 சாம்பியன் பட்டம் வென்ற அந்தக் காலச் சென்டர் பில் ரஸல் தன் காலத்தில் எத்தனை பந்தைத் தட்டினார் என்பதற்குக் கணக்கே கிடையாது. இன்றும் எண்ணப்படாத ஒன்று உண்டு: சென்டரைப் பார்த்ததும் மனம் மாறி, போடாமல் விட்ட ஷாட்.

பயிற்சியில் அதை இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தேன். ரிங்குக்குப் பின்னாலுள்ள பேஸ்லைன் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கார்டு, பந்தைத் தட்டிக்கொண்டு வருகிற ஆள், நல்ல வேகக்காரன், வலதுபுறமாக உள்ளே நுழைந்தான். ஓடிவந்து ரிங் பக்கத்தில் எழும்பிப் போடும் லே-அப்புக்காக ஒரு கால் வைத்தாயிற்று, அடுத்த கால் வைக்கவேண்டியதுதான். தோட்டத்துப் பையன் கைகளை நேர் மேலே நீட்டியபடி ஒரே ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தான், அவ்வளவுதான். கார்டு பந்தை மேலே கொண்டுபோவதுபோல் ஏமாற்றினான். இவன் குதிக்கவில்லை, குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை. கார்டின் கண் ஒரு கணம் மேலே போனது. பந்தை மூலைக்குத் தள்ளிவிட்டான். அந்த மூன்று நொடியில் தாளில் எழுத ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கவேண்டிய இரண்டு புள்ளி மட்டும் நடக்காமல் போனது.

இதில் உயரத்தைவிடக் கை நீளத்துக்கு மதிப்பு அதிகம். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரெஞ்சு வீரர் ரூடி கோபேர், என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை பெற்றவர், குதிக்காமல் நின்று கையைத் தூக்கினாலே சுமார் 2.92 மீட்டர் எட்டும். ரிங்குக்கு ஒரு சாண் கூடக் குறைவில்லை. நீளமான கையின் உண்மையான லாபம் நேரம். ஒரு பந்தை 3.10 மீட்டரில் தொடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2.50 மீட்டர் எட்டுகிறவர் 60 செ.மீ. எழும்பவேண்டும். அந்த உயரத்துக்கே அளந்து குதித்தால் உச்சியை அடைய சுமார் 0.35 நொடி ஆகும். 2.80 எட்டுகிறவருக்கு 30 செ.மீ. போதும், அதற்கு 0.25 நொடி. வித்தியாசம் 0.1 நொடி. அந்த நேரத்தில், நொடிக்கு 5 மீட்டர் ஓடும் ஆள் அரை மீட்டர் கடந்துவிடுவான். நீளக்கைக்காரர் அந்த 0.1 நொடியைக் காத்திருப்பதற்குச் செலவழிக்கலாம். ஏமாற்றுக்கெல்லாம் குதிக்காமல், பந்து கையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தபிறகு குதிக்கலாம். குதிகாலைத் தரையில் ஒட்டிவைத்திருந்த அந்தப் பிள்ளை செய்தது இதைத்தான்.

கை நேர் மேலே என்பதும் முக்கியம். தடுப்பவர் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள வெளி அவருக்குச் சொந்தம் என்கிறது விதி. நேராக எழும்பும்போது எதிராளி வந்து மோதினால் அது தடுப்பவரின் ஃபவுல் ஆகாது. கையை முன்னால் வீசினால் ஃபவுல். எங்கள் முதல் சென்டருக்கு இந்த வீசும் பழக்கம் இன்னும் போகவில்லை. நம் ஊரில் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, 40 நிமிட ஆட்டம், ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. என்.பி.ஏ.வில் 48 நிமிடம், ஆறு ஃபவுல். முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் எந்தக் கோச்சும் அவரை உட்கார வைப்பார். அப்புறம் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் ரிங்குக்கு யார் காவல்? மாற்று சென்டருக்கு அந்த நிமிடங்கள்தான் வேலை.

இன்னொரு விதியும் நமக்குச் சாதகம். என்.பி.ஏ.வில் 2001-02 முதல், தடுப்பவர் தன் கைக்கெட்டும் தூரத்தில் ஆளில்லாமல் ரிங் முன்னுள்ள பெயின்ட் பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கமுடியாது. நம் விதியில் அந்தத் தடை இல்லை. தடுக்கும்போதெல்லாம் அவர் அங்கேயே நிற்கலாம். ஓட்டம் குறைந்த, கை நீண்ட ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கணவாய் வழியாகக் காற்று இறங்கும் எங்கள் பள்ளத்தாக்கில் பந்து பறக்காதா? பந்தின் குறுக்களவு சுமார் 24 செ.மீ., ரிங் 45 செ.மீ. நேர் மேலிருந்து விழுந்தாலே இருபுறமும் பத்துப் பத்து சென்டிமீட்டர்தான் இடம். மூன்று புள்ளிக் கோடு இருக்கும் 6.75 மீட்டரிலிருந்து போடும் ஷாட் ஏறக்குறைய ஒரு நொடி அந்தரத்தில் இருக்கிறது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் சாதாரணக் காற்றே அதை ஒரு அடியை ஒட்டி நகர்த்திவிடும். நகரும் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 0.3 நொடியில் முடிந்துவிடும் லே-அப் ஷாட்டில் அந்த நகர்வு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால்தான் திறந்தவெளியில் காற்றடிக்கும் நாளில் எல்லா அணிகளும் ரிங்கை நோக்கியே ஓடிவருகின்றன. வருகிற வழி ஒன்றே ஒன்று என்றால், அந்த வழியில் நிற்கிறவனின் மதிப்பு தானாக ஏறும்.

அவன் நஷ்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நாம் தாக்கும்போது இவனை யாரும் காவல் காக்கமாட்டார்கள். இவனை விட்டுவிட்டு அந்த ஐந்தாவது ஆள் நம் கார்டின் வழியில் வந்து நிற்பான். நாலு பேர் ஐந்து பேரோடு ஆடுகிற நிலை. தடுப்பிலும் ஓட்டை உண்டு. எதிரணி ஸ்கிரீன் போட்டு, அதாவது தடுப்பவனின் வழியில் ஓர் ஆளை நிறுத்தி, கார்டை விடுவித்தால், இப்படிப்பட்ட சென்டர் ரிங் பக்கமே பின்வாங்கி நிற்பார். தூரத்திலிருந்து நன்றாகப் போடும் கார்டு அங்கேயே நின்று நிதானமாகப் போட்டுவிடுவான். ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்டான ஃப்ரீ த்ரோ சரியில்லை என்றால், ஆட்டக் கடைசியில் வேண்டுமென்றே இவனை ஃபவுல் செய்வார்கள். ஆகவே இவனைக் கடைசி இரண்டு நிமிடம் நிறுத்துவது தப்பு. நல்ல ஷூட்டர்கள் நிறைந்த அணிக்கு எதிராக நீண்ட நேரம் நிறுத்துவதும் தப்பு.

கோச்சிடம் நான் சொன்ன உதாரணம் என்.பி.ஏ. சென்டர் டிகெம்பே முட்டோம்போ. 2008 பிப்ரவரியில் ஹூஸ்டன் அணி தொடர்ந்து 12 ஆட்டம் வென்றிருந்தபோது, அதன் பெரிய சென்டர் யாவ் மிங் பாத எலும்பு முறிவால் அந்தப் பருவம் முழுக்க வெளியேறினார். பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் முட்டோம்போ, வயது 41. பெரிதாகப் புள்ளி எடுக்கவில்லை. ரிங்கைக் காத்தார், விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பிடித்தார். ஹூஸ்டன் மேலும் 10 ஆட்டம் வென்று வரிசையை 22 ஆக்கியது. அதற்குமுன் என்.பி.ஏ.வில் அதைவிட நீண்ட வெற்றி வரிசை ஒன்றுதான், லேக்கர்ஸ் அணியின் 33. பக்கத்துப் பெரியகுளத்தில் மே மாதந்தோறும் அகில இந்தியப் போட்டி பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, பெஞ்சிலிருந்து வருகிற நெட்டை ஆள் ஆட்டத்தைப் புரட்டுவது புதிதல்ல. கோச் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பத்து நிமிஷம், அதுக்கு மேல இல்ல. ஃப்ரீ த்ரோ தினமும் நூறு போடணும்" என்றார்.

பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. ஷூட்டர் பையனை அடுத்த போட்டிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம், அவன் முகம் வாடியது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. இப்போதைய பிரச்சினை ஷூ. இவனுக்கு 13-ஆம் நம்பர் வேண்டும். கம்பத்தில் கேட்டோம், தேனியில் கேட்டோம், இல்லை. கிடைக்கும்வரை முன்பக்கம் வெட்டிய பழைய ஷூவோடு காலை ஜீப்பில் மலையிறங்கி வருகிறான்.