கச்சான் காற்றில் குளிரும் தயிர்ச் சட்டி

மட்டக்களப்பில் எருமைத் தயிர் வாங்காத வீடு குறைவு. தயிர் தீர்ந்த பிறகு சட்டி சில நாள் அடுப்படி மூலையில் கிடக்கும். பிறகு வேலியோரம் போகும். மாரி தொடங்கியதும் அதில் நீர் தேங்கி நுளம்பு பெருகும். அந்தச் சட்டியோடு அதைவிடப் பெரிய ஒரு மண்சட்டியும் ஒரு வாளி மணலும் இருந்தால், கச்சான் எனும் வரண்ட மேல்காற்று வீசும் காலத்து நண்பகலிலும் சுற்றியுள்ள காற்றைவிட நன்றாகக் குளிர்ந்த நீரை நாய்க்கும் பூனைக்கும் கோழிக்கும் வைத்துவிடலாம். மின்சாரம் வேண்டாம், ஐஸ் கட்டி வேண்டாம். செய்வதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அது எதனால் குளிர்கிறது என்பதைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் இருக்கும் இன்னொரு சட்டியாகவே அது இருந்துவிடும்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்விக்கும் வேலையைச் செய்வது காற்றுத்தான். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நம் பக்கம் வீசும் கச்சான், தென்மேல் பருவக்காற்றாகவே பிறக்கிறது. கடலிலிருந்து வரும்போது அது ஈரம் நிறைந்த காற்று. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மேகமாக மாறும் நீராவி தன்னிடமிருந்த வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுப்பதால், ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 5, 6 பாகை செல்சியஸ் அளவே குளிர்கிறது. மழையை அங்கே விட்டுவிட்டுக் கிழக்கே இறங்கும்போது கதை வேறு. தாழ இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. அமுக்கப்படும் காற்று சூடேறுகிறது, அதுவும் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம். மலையேறியபோது இழந்த வெப்பத்தைவிட இறங்கும்போது பெறும் வெப்பம் அதிகம். அதனால்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளிகளைக் கடந்து வரும்போது அந்தக் காற்று நம் உதட்டை வெடிக்கவைக்கும் அளவுக்கு உலர்ந்தும் சுட்டும் இருக்கிறது.

கச்சானைத் திட்டாதவர் இல்லை. எனக்கும் அதன் மேல் பெரிய அன்பில்லை. ஆனால் மண்சட்டிக்கு அதைவிட நல்ல காற்று வேறு எதுவும் கிடையாது.

நீர் ஆவியாகும்போது என்ன நடக்கிறது? ஒரு துளி நீருக்குள் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றில் மிக வேகமானவைதான் மற்றவற்றின் ஈர்ப்பை அறுத்துக்கொண்டு காற்றுக்குள் போகின்றன. அவை போகும்போது தங்கள் சக்தியையும் கொண்டுபோகின்றன. மிஞ்சியவற்றின் சராசரிச் சக்தி குறைகிறது, அதாவது நீர் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 யூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் நீரை ஒரு பாகை குளிர்விக்க 4.2 யூல் எடுத்தால் போதும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வெப்பம் வராது என்று கொண்டால், ஒரு லீற்றர் நீரிலிருந்து 20 மில்லிலீற்றர் மட்டும் ஆவியாகிப்போனாலே மீதி நீர் 11 பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். இவ்வளவு சிறிய இழப்புக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் பொருள் வீட்டில் வேறொன்றும் இல்லை.

போன மூலக்கூறுகள் திரும்பியும் வரும் என்பதுதான் சிக்கல். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், வெளியேறும் அளவுக்கு ஏறக்குறைய அதே அளவு மூலக்கூறுகள் நீருக்குள் வந்து விழுகின்றன. அப்போது குளிர்ச்சி நின்றுவிடும். நனைந்த ஒரு பொருள் காற்றில் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை காட்டுகிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் கிடைக்கும் அளவு அது. கச்சான் வீசும் ஒரு நண்பகலில் வெப்பநிலை 36 பாகையும் ஈரப்பதன் 45 வீதமும் என்று வைத்துக்கொண்டால், ஈரக்குமிழ் ஏறக்குறைய 26 பாகையைக் காட்டும். பத்துப் பாகை வித்தியாசம். மார்கழி மாதத்து மழை நாளில் 29 பாகையும் 85 வீதமும் என்றால், ஈரக்குமிழ் 27 பாகையில் நிற்கும். வித்தியாசம் இரண்டே பாகை. ஆக, சட்டி தரக்கூடிய குளிர்ச்சியின் எல்லை இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கச்சான் காலத்தில்தான் அந்த எல்லைக்கும் நம்மைச் சுற்றியுள்ள வெப்பத்துக்கும் நடுவே இடைவெளி விரிகிறது.

பிற்பகலில் கடற்காற்று திரும்பும் எழுவான்கரை ஊர்களில், அதாவது வாவிக்குக் கிழக்கே கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ, காற்று மாறியதும் சட்டியின் வேகம் குறையும். வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது இன்னும் நீண்ட நேரம் உழைக்கும்.

நம் பிராணிகளும் இதே வழியில்தான் தங்களைக் காப்பாற்றிக்கொள்கின்றன. நாய்க்குப் பாதங்களின் அடியில் தவிர வேர்வை பெரிதாக வராது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகி அதன் இரத்தத்தைக் குளிர்விக்கிறது. பூனை உடலை நக்கி உமிழ்நீரை ரோமத்தில் பூசி உலரவிடுகிறது. கோழிக்கு வேர்வைச் சுரப்பியே இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 பாகையை ஒட்டி இருக்கும். வெயில் கூடினால் செட்டையை அகற்றி, அலகைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று அசைக்கும். இவை அனைத்துக்கும் நீர் வேண்டும். குடிக்காத பிராணியால் ஆவியாக்க முடியாது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்ரிக் பேசினில் நீர் சூடாகிவிட்டால் கோழி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். மிகத் தேவைப்படும் நேரத்தில் நீர் இருந்தும் இல்லாத நிலை அது. நல்ல நீர்ச் சட்டி செய்வதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவது இதற்காகத்தான்.

இனிச் சட்டிக்கு வருவோம். ஊர்ச் சூளையில் வைக்கோலும் பொச்சும் விறகும் போட்டுச் சுடும் சட்டி பெரும்பாலும் 900 பாகைக்குக் கீழேயே வேகிறது. அந்த வெப்பத்தில் களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொள்ளாது. இடையே கண்ணுக்குத் தெரியாத வழிகள் மிஞ்சும். நீர் அந்த மயிர்த்துளைகளில் தானாகவே ஊர்ந்து வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. பாலில் உள்ள நீரில் ஒரு பகுதியை உறிஞ்சித் தயிரை வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுக்கமாக்குவதும் இதே துளைகள்தான்.

ஆனால் அதே தயிர் இத்துளைகளை அடைத்தும்விடுகிறது. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். அது சுவருக்குள் இறங்கி நீரைத் தடுக்கும். கழுவிய சட்டியை இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு அடங்கிய தணலின் மேல் கவிழ்த்து மெதுவாகச் சூடாக்குங்கள். முதலில் கறுத்துப் புகை வரும், பிறகு நிறம் வெளுக்கும். கொழுப்பு எரிந்துவிட்டது என்று பொருள். ஈரச் சட்டியை நேரே நெருப்பில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி விரிந்து சட்டியை வெடிக்கச் செய்யும். ஆறிய பிறகு வெளிப்பக்கத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். உடனே இழுத்துக்கொண்டால் சட்டி தயார். உருண்டு நின்றால் இன்னொரு முறை சூடாக்குங்கள், அல்லது அதை வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, அதன்மேல் தயிர்ச் சட்டியை வையுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். அதையும் மணலால் நிரப்புங்கள். பழைய பூச்சாடியாக இருந்தால் அடித்துளையைக் களியால் அடைத்துவிடலாம். நம் பக்கத்தில் கடல் மணல் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் அதை அள்ளிப் போடத் தோன்றும். வேண்டாம். அதிலுள்ள உப்பு நீரோடு வெளியே வந்து, நீர் ஆவியானதும் துளை வாயிலேயே படிந்து அடைத்துவிடும். பருமனான ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள். மணலை நல்ல நீரால் நனைத்து, உள்சட்டியில் குடிநீரை ஊற்றுங்கள். உள்சட்டியிலிருந்து கசிவதும் மணலில்தான் சேரும். மணல் உலராமல் காலையிலும் மதியத்திலும் ஒரு பேணி நீர் விட்டால் போதும். அடிப்பகுதியும் காற்றுப்பட வேண்டும், ஆகவே தரையில் வைக்காமல் மூன்று கற்களின் மேல் வையுங்கள். குஞ்சுகள் இருந்தால் நீருக்குள் சில கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள், விழுந்த குஞ்சு ஏறிவர உதவும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலரின் முயற்சி வீணாகிறது. ஒரு கணக்குப் போடலாம். மணிக்கு 100 மில்லிலீற்றர் நீர் ஆவியானால், சட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 67 வாற்று. நல்ல வேகம்தான். ஆனால் உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1,000 வாற்று சக்தியைக் கொட்டுகிறது. 25 சென்ரிமீற்றர் அகலமான சட்டி வாயின் மேல் மட்டும் அதில் 50 வாற்று வரை விழும். சட்டி பாடுபட்டு வெளியேற்றுவதில் பெரும்பகுதியை வெயில் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே நிழல் முதலில், சட்டி இரண்டாவது. வேப்பமர நிழல் நல்லது. மரம் இல்லாவிட்டால் நான்கு தடி நட்டு மேலே ஒரு கிடுகு போடுங்கள். தகரம் போட்டால் தகரமே சூடேறிக் கீழே வெப்பத்தை வீசும். மதிலுக்குப் பின்னால் காற்றுப்படாத நிழல் அரைப் பயன்தான் தரும், ஏனென்றால் சட்டியைச் சுற்றி ஈரமாகிப்போன காற்றை யாராவது அகற்ற வேண்டும். மேற்குப் பக்கம் திறந்த நிழல்தான் நமக்குத் தேவை.

சட்டிக்குள் சட்டி வைக்கும் இம்முறையை நைஜீரியாவின் வடபகுதியில் பரப்பியவர் முகமது பா அப்பா என்ற ஆசிரியர். குயவர் குடும்பத்தில் பிறந்தவர். மரக்கறி வாடாமல் இருக்க ஏழைக் குடும்பங்களுக்கு இதைச் செய்து கொடுத்தார். 2000ஆம் ஆண்டு அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. அங்கே வீசும் வரண்ட பாலைக்காற்று செய்த வேலையைத்தான் இங்கே கச்சான் செய்கிறது.

கோழிக்கூட்டுக்குச் சணல் சாக்கு நல்லது. கூட்டின் மேற்குப் பக்கத்தில் நனைத்துத் தொங்கவிட்டு, கீழ்முனை ஒரு நீர்ப் பாத்திரத்தில் தோயும்படி செய்தால், சாக்கின் இழைகள் நீரைச் சிறிது உயரத்துக்குத் தாமே இழுத்துக்கொள்ளும். மேல்பகுதியை மட்டும் அவ்வப்போது நனைத்தால் போதும். நைலோன் சாக்கு நீரைப் பிடிக்காது. கிழக்குப் பக்கம் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் ஈரச் சாக்கால் மூடினால் உள்ளே ஈரப்பதன் ஏறி, கோழி இரைத்து வெளியேற்றும் ஈரம் ஆவியாக இடமில்லாமல் போகும். குளிர்விக்கப் போய்க் கோழியை அவித்துவிடுவோம். நாயின் மேல் ஈரத் துவாயைப் போர்த்தி மூடிய அறையில் படுக்கவிடுவதும் இதே தவறுதான். மருதமுனைத் தறிச்சேலையோ சாரமோ கிழிந்தால் அந்தப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, நாய் படுக்கும் இடத்தில் கீழே விரித்துக் காற்றுக்கு வழிவிடுங்கள்.

சட்டியை அழகுபடுத்தலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாக. எனாமல் பெயின்ற் மட்டும் கூடாது, துளைகள் அத்தனையும் அடைபடும். நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து வெளிச்சட்டியில் பூவோ கோலமோ வரையட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு அது மெல்ல மெல்லக் கல்சியம் காபனேற்றாக மாறிச் சட்டியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு கிழமையாவது விட்ட பிறகே பிராணிகளின் அருகில் வையுங்கள். அந்தப் பூச்சு நீரை மறிக்காது, வெளிச்சத்தையும் தெறிக்கவிடும்.

கிணற்று நீர் கடினமாக இருக்கும் இடங்களில் சில வாரங்களில் வெளிச்சட்டியில் வெண்படிவு தோன்றும். தும்பால் தேய்த்து, தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவினால் துளைகள் திறக்கும். சட்டி நீரைத் தினமும் ஊற்றிவிட்டு உள்சுவரையும் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் ஒட்டவைக்கிறது, நீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும். மணலின் மேல் நீர் தேங்கி நிற்கவும் விடக்கூடாது.

மாரி தொடங்கியதும் சட்டிக்கு வேலை இல்லை. மணலைக் கொட்டி, இரண்டையும் காயவைத்துவிடுங்கள். பெரிய சட்டி அகலமானதாக இருந்தால் அதை ஒருபக்கம் சரித்து வைக்கோல் நிரப்பிக் கோழிக்கு முட்டையிடும் இடமாக்கலாம். இருட்டும் மறைவும் கோழிக்குப் பிடிக்கும். வைக்கோலுக்கு நடுவே அகப்பட்ட காற்று அசையாமல் நிற்பதால் கோழியின் உடல் வெப்பம் எளிதில் வெளியே போகாது. வைக்கோல் நனைந்தால் அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டு, ஆவியாகி, கச்சான் காலத்தில் நாம் விரும்பிய அதே வேலையை வேண்டாத நேரத்தில் செய்யத் தொடங்கும். ஆகவே சட்டியின் வாயைத் தூவானம் படாத பக்கம் திருப்பி வையுங்கள், ஈரமான வைக்கோலை அன்றே மாற்றிவிடுங்கள்.