ஒற்றை நாற்காலி காத்த மலை

மண் அரிப்பைத் தடுப்பது என் தொழில். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மாண்ட் மாநிலத்தில், மலைச்சரிவில் விழும் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், போகிற போக்கில் எவ்வளவு மண்ணை அள்ளிக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். குளிர்காலத்தில் என்னை யாரும் தேட மாட்டார்கள். பனி எல்லாத் தப்பையும் மூடிவிடும். ஏப்ரலில் அது உருகத் தொடங்கியதும் தொலைபேசி அடிக்கும். கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் பனிச்சறுக்கு மலை நடத்துபவர்கள்.

அவர்களுடைய மலையில் நான் ஏறும்போதெல்லாம் எனக்குப் பெட்ஸி பிராட் அம்மையார் நினைவு வரும். நேரில் பார்த்ததில்லை. மேட் ரிவர் கிளென் என்ற பனிச்சறுக்கு மலைக்கு இருபது ஆண்டு உரிமையாளராக இருந்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவரைப் பற்றிக் கதை சொல்லாத பழைய ஆள் கிடையாது. கறாரானவர், யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, அவர் இல்லாவிட்டால் இந்த மலை இப்படி இருக்காது என்பார்கள். இரண்டும் சரிதான் என்று நினைக்கிறேன்.

மலையைத் தொடங்கியவர் ரோலண்ட் பால்மீடோ என்ற நியூயார்க் முதலீட்டாளர். ஸ்டோவ் என்ற இடத்தில் பனிச்சறுக்கை வளர்த்தவர்களில் ஒருவர். அங்கே வணிக இரைச்சல் கூடியது பிடிக்காமல், சறுக்குவதற்காக மட்டும் ஓர் இடம் வேண்டும் என்று, இப்போது மேட் ரிவர் கிளென் இருக்கும் ஸ்டார்க் மலைக்கு வந்தார். 1948 டிசம்பரில் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரே ஆள். 1972-இல் பெட்ஸியின் கணவர் டிரக்ஸ்டன் பிராட் வேறு சிலரோடு சேர்ந்து மலையை வாங்கினார். 1975-இல் அவர் இறந்துபோக, பொறுப்பு பெட்ஸியிடம் வந்தது.

அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். எல்லா மலைகளிலும் லிஃப்ட் பெரிதானது. இருவர் நாற்காலி மூவர் நாற்காலியானது, பிறகு நால்வர் நாற்காலி, அதன் பிறகு வேகமாக ஓடும் நால்வர் நாற்காலி. பெட்ஸி தன் மலையின் உச்சிக்குப் போகும் லிஃப்டை மாற்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைப் பழைமைப் பிடிவாதம் என்று சிரிப்பவர்கள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தேன். இப்போது என் கணக்கைச் சொல்கிறேன்.

ஒற்றை நாற்காலி லிஃப்ட் மணிக்கு ஐந்நூறு பேர் போல உச்சியில் இறக்கும். வேகமான நால்வர் லிஃப்ட் இரண்டாயிரத்துக்கு மேல் இறக்கும். அந்த இரண்டாயிரம் பேரும் கீழே வந்தாக வேண்டும். குறுகிய பாதையில் முட்டிக்கொள்வார்கள் என்று பாதையை அகலமாக்குவார்கள். அகலமான பாதையில் இத்தனை பேர் தேய்த்தால் பனி நிற்காது, பாறை தெரியும். பாறை தெரியாமலிருக்க புல்டோசரை விட்டுச் சமன் செய்வார்கள். தேய்ந்த பனியை ஈடுகட்டச் செயற்கைப் பனி. அதற்குக் குழாய், பம்பு, குளம். சமன் செய்த சரிவில் மழைநீர் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க வடிகால். கடைசியில், வடிகால் அடைத்துக்கொண்டதும், நான்.

சிக்கல் வடிகாலில் இருப்பதாக நினைத்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அது எப்போதோ ஒரு கூட்டத்தில், லிஃப்ட் நாற்காலியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று முடிவு செய்த அன்றே தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் மரம் வெட்டுவதற்கும் மண்ணைச் சமன் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் பேசும் நண்பர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மரத்தை வெட்டி அடிக்கட்டையையும் வேரையும் விட்டுவிட்டால் மேல்மண் அப்படியே இருக்கும். இரண்டு கோடையில் பெரணியும் காட்டுப்புல்லும் பெர்ரிச் செடியும் மேலே வந்துவிடும். மழை உள்ளே இறங்கும். புல்டோசர் போன சரிவு வேறு கதை. பனியுகத்துப் பனிப்பாளம் விலகிய பிறகு பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாக, இலை விழுந்து விழுந்து உண்டான மேல்மண் இங்கே ஓர் அடி, ஒன்றரை அடிதான். அதை ஒரே வாரத்தில் வழித்துத் தள்ளிவிடலாம். அடியில் இருப்பது கல்லும் களியும் இறுகிய படுகை. தண்ணீர் இறங்காது. பச்சையாகத் தெரியட்டும் என்று புல்விதை தூவுவார்கள். பச்சையாகத்தான் தெரியும். அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், சிமெண்டுத் தரையில் ஊற்றியது போல ஓடும்.

ஒரு மலை. பெயர் வேண்டாம். சரிவை அகலமாக்கிச் சமன் செய்து இரண்டாவது கோடை. ஜூலையில் ஒரே இரவில் கொட்டிய மழையில், முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் அரித்த தடம் விழுந்து, கீழே இருந்த டிரவுட் மீன் ஓடை மூன்று நாள் தேநீர் நிறத்தில் ஓடியது. சரிவெங்கும் தேங்காய் நார் வலை விரித்து மரமுளை அடித்தோம். வலைச் சுருளைப் பிரித்தபோது உள்ளே இந்தியத் தயாரிப்பு என்று சீட்டு இருந்தது. எங்கோ நம் ஊர்ப் பக்கத்துத் தேங்காய் மட்டை, வெர்மாண்ட் மண்ணைப் பிடித்து வைக்கக் கடல் தாண்டி வந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. அது நான்கைந்து ஆண்டில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்தால் உண்டு.

மேட் ரிவர் கிளென் பாதைகளில் கோடையில் நடந்திருக்கிறேன். மலையின் மடிப்பை ஒட்டி வளைந்து, சில இடங்களில் பாறைத் திட்டில் ஏறி இறங்கிப் போகின்றன. என் கண்ணுக்கு முதலில் படுவது அங்கே இல்லாத ஒன்று: பெரிய வடிகால்கள். குளிர்காலத்தில் அதே பாதைகள் பயங்கரமானவை என்று சறுக்குபவர்கள் சொல்வார்கள். முடிந்தால் சறுக்கிப் பார் என்பதுதான் அந்த மலையின் விளம்பர வாசகமே. வெர்மாண்டில் பல கார்களின் பின்னால் ஒட்டியிருக்கும்.

செயற்கைப் பனியும் அங்கே கொஞ்சம்தான். ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்குச் செயற்கைப் பனி போட ஆறேழு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். சென்னையில் ஓடும் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஐம்பது நடைக்கு மேல். அதுவும் ஓடைகளில் தண்ணீர் குறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் எடுக்க வேண்டும். மேட் ரிவர் கிளென் பெரும்பாலும் வானத்தை நம்புகிறது. வானம் பொய்த்த குளிர்காலத்தில் லிஃப்ட் நிற்கும், வருமானமும் நிற்கும். இயற்கையாக விட்டால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு விலை உண்டு. பெட்ஸி அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்.

அவர் செய்ததெல்லாம் எனக்கு ஒப்புதல் என்றில்லை. இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்குத் தடை போட்டது அவர் காலத்தில்தான். இன்றும் இருக்கிறது. மண்ணுக்கு அதில் பெரிய லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இளைஞர்களோடு ஏற்பட்ட உரசல் சட்டமாகிவிட்டது என்றே தோன்றுகிறது.

விற்கும் வேளையில்தான் அவரது உண்மையான கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. எனக்கு வேலை கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் மலையை உயிராக நேசித்தவர்கள். வயதானதும் விற்றார்கள், வாங்கிய நிறுவனம் மறு கோடையே புல்டோசரை ஏற்றியது. வெர்மாண்டில் 1970 முதல் ஆக்ட் 250 என்ற சட்டம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,500 அடி உயரத்துக்கு மேல் வணிகத்துக்காக எதைக் கட்டவும் அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம், என் சோறே அதில்தான். ஆனால் அது எப்படிக் கட்டுவது என்று கேட்கும். கட்ட ஆசைப்படாதே என்று சொல்லாது. 1995-இல் பெட்ஸி மலையை, அதில் சறுக்குபவர்கள் கூடி அமைத்த கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்றார். விலை 25 லட்சம் டாலர். பங்கு ஒன்று 1,500 டாலர் என்று ஆள் சேர்த்து அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். கூட்டம் குறைவாக இருக்க வேண்டும், காடும் நிலத்தின் மேடுபள்ளமும் அப்படியே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கும் சோதனை வந்தது. அறுபது வருடத்து லிஃப்ட் தேய்ந்துபோயிற்று. இருவர் நாற்காலியாக மாற்ற நல்ல சமயம். 2007-இல் கோபுரங்களையும் நாற்காலிகளையும் பிரித்துச் செப்பனிட்டு, மறுபடி ஒற்றை நாற்காலியாகவே ஓடவிட்டார்கள். பெட்ஸி கையை விட்டுப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

போன மாதம் ஒரு மலையிலிருந்து அழைப்பு. நால்வர் லிஃப்டை எடுத்துவிட்டு அறுவர் லிஃப்ட் போடுகிறார்கள். அடிவாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வடிகால் வரைபடம் வேண்டுமாம். மணிக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். சொன்னார். அத்தனை பேர் இறங்கும் பாதையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அது அடுத்த வருஷத்து வேலை” என்றார்.