கடைசி நாளில் கேட்கப்படும் அரைப் பக்கம்

“நாளைக்கு முன்மொழிவு அனுப்பணும் மேடம். எல்லாம் ரெடி. ஜெண்டர் பகுதி மட்டும் பாக்கி. ஒரு அரைப் பக்கம் எழுதித் தந்துடுங்களேன்.”

பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்களில் பாலினச் சமத்துவம், சமூக உள்ளடக்கம் (யாரும் விடுபடாமல் எல்லோரையும் சேர்ப்பது) என்று பெயர் போட்ட நாற்காலியில் இருக்கும் யாருக்கும் இந்த அழைப்பு புதிதில்லை. பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வரும். நானும் எழுதிக் கொடுத்தவள்தான். ‘பெண்கள், மாற்றுத்திறனாளிகள் மற்றும் விளிம்புநிலை மக்களின் பங்கேற்பு உறுதி செய்யப்படும்.’ கிணறு தோண்டும் திட்டம், சாலை போடும் திட்டம், விதை கொடுக்கும் திட்டம், எதில் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் வரி இது. எதிலும் ஒட்டுகிற வரி எந்தத் திட்டத்திலும் ஒரு செங்கல்லைக்கூட இடம் மாற்றாது.

அந்த அரைப் பக்கத்தைக் கேட்கிற நேரத்தில் மற்றதெல்லாம் முடிவாகியிருக்கும். யாரை வேலைக்கு எடுப்பது, பயிற்சி எந்த மாதம், எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம், கணக்கெடுப்பில் என்ன கேள்வி, நிலம் யார் பெயரில். ஒருவர் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் இந்தச் சலிப்பூட்டும் முடிவுகளில்தான் இருக்கிறது.

நிதி தரும் நாடுகள் தங்கள் உதவிக்கு மதிப்பெண் போட ஒரு முறை வைத்திருக்கின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு வகுத்தது. 0, 1, 2 என்று மூன்றே எண்கள். பாலினச் சமத்துவம் என்ற நோக்கம் இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தையே எடுத்திருக்க மாட்டோம் என்றால் 2. நோக்கங்களில் அதுவும் முக்கியமானது, ஆனால் முதன்மையானது இல்லை என்றால் 1. அப்படி எதுவும் இல்லை என்றால் 0. நான் பார்த்தவரை அதிகம் பேரம் நடப்பது 1க்குத்தான். 2 கேட்டால் நிரூபிக்க வேண்டும், 0 போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்காது. 1 வாங்குவதற்கே முன்கூட்டிப் பாலின ஆய்வு செய்திருக்க வேண்டும், அதன் முடிவு திட்ட வடிவமைப்பில் தெரிய வேண்டும், வெளிப்படையான ஒரு நோக்கமும் அதை அளக்க ஒரு குறியீடும் இருக்க வேண்டும் என்று விதி. அரைப் பக்கம் எழுதி வாங்குகிற 1 எப்படிப்பட்ட 1 என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குடிநீர்க் குழுக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. வருகைப் பதிவேட்டில் பாதிக்கு மேல் பெண்கள் பெயர். அறிக்கைக்கு அது போதும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, குறிப்பு எடுப்பதற்குப் பதில் நோட்டில் இரண்டு கட்டம் போட்டுக்கொண்டேன்: பேசிய ஆண், பேசிய பெண். ஒவ்வொரு முறை ஒருவர் வாய் திறக்கும்போதும் ஒரு கோடு. ஆண்கள் கட்டம் ஒரு வரி நிறைந்து அடுத்த வரிக்குப் போனது. பெண்கள் கட்டத்தில் ஒரே ஒரு கோடு. அதுவும் “தண்ணி வேணுமா?” என்று கேட்டுச் செம்பைக் கொண்டுவந்தவர் சொன்னது. அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவில் தலைவர் திரும்பிப் பார்த்து, “பெண்கள் ஏதாவது சொல்றீங்களா?” என்றார். வாசலையொட்டி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். நடவடிக்கைக் குறிப்பில் ‘பெண்களும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்’ என்று எழுதப்பட்டது.

செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வயதான ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்தார். குழாய்க்குத் தேர்ந்தெடுத்த இடத்தில் சாயங்காலமானால் ஆண்கள் கூடி உட்காருவார்கள், வயசுப் பெண்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்றார். “உள்ளேயே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றேன். “உட்கார்ற ஆளுங்கதானே உள்ளே உட்கார்ந்திருந்தாங்க” என்றார்.

இதில் என் பங்கும் உண்டு. காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று வைத்தது நான்தான். இருட்டுவதற்குள் எங்கள் வண்டி திரும்ப வேண்டும், அதுதான் காரணம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலக அளவில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். நாங்கள் கூட்டும் ஒவ்வொரு கூட்டமும் அந்த முதல் எண்ணின் தலையில்தான் ஏறுகிறது. போதாததற்கு, அமைக்கிற குழுவில் அவர்களுக்குத் தருவதெல்லாம் ‘தன்னார்வப்’ பொறுப்பு. குழாயடியைச் சுத்தமாக வைத்திருப்பது பெண்கள், குழுவின் கையெழுத்து முத்திரை ஆண்கள் கையில்.

காம்பியாவில் நடந்ததைத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய நாட்டில் ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் நெல் விளைவித்தவர்கள் பெண்கள். மேட்டு நிலத்தில் நிலக்கடலை போட்டவர்கள் ஆண்கள். வெளியிலிருந்து வந்த நீர்ப்பாசனத் திட்டங்களோ விவசாயி என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்டு, நெல்லுக்கான கடனையும் பயிற்சியையும் ஆண்களிடம் கொடுத்தன. ஆப்பிரிக்க விவசாயத்தில் இந்தக் கோளாறு பரவலாக இருப்பதை டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போஸரப் 1970லேயே எழுதிவிட்டார். ஆகவே 1984இல் ஜஹாலி-பாச்சார் சதுப்பில் பெரிய பாசனத் திட்டம் தொடங்கியபோது, நிதியளித்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் முன்ஜாக்கிரதையாக இருந்தது. நிலம் பெண்கள் பெயரில் பதிவாக வேண்டும் என்றது. பல துண்டுகள் அப்படியே பதிவாயின.

அந்த ஊர்களில் நிலம் இரண்டு வகை. ‘மருவோ’ என்பது வீட்டுக்குப் பொதுவான நிலம். எல்லோரும் உழைப்பார்கள், விளைச்சல் குடும்பத் தலைவர் கட்டுப்பாட்டில் இருக்கும். ‘கமன்யாங்கோ’ என்பது ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் துண்டு. விளைச்சலும் அவருக்கே. பெண்கள் பெயரில் பதிவான பாசன நிலத்தை வீட்டு ஆண்கள் மருவோ என்று சொல்லிவிட்டார்கள். பெயர் அவளுடையது, நெல் அவருடையது. பாசனம் வந்ததால் ஆண்டுக்கு இரண்டு போகம் வேறு. உழைப்பு கூடியது, தனக்கென்று இருந்த நிலம் போனது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. சில ஊர்களில் வேறு நிலம் கேட்டு வாங்கினார்கள். சில ஊர்களில் உழைப்புக்கு ஈடாக நெல்லில் பங்கு கேட்டார்கள். எதுவும் கிடைக்காத இடங்களில் வீட்டு வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டுக் குழுவாகச் சேர்ந்து கூலிக்குப் போனார்கள்.

பெண்களுக்கு நிலம் என்று எழுதிய திட்டம் அது, எழுதாத திட்டமில்லை. இன்றும் எங்கள் கண்காணிப்பு அட்டவணைகளில் ‘பெண்கள் பெயரில் பதிவான சொத்துகளின் எண்ணிக்கை’ என்று ஒரு குறியீடு வரும். அதற்குப் பக்கத்தில் ‘விளைச்சலை விற்பதா வைப்பதா என்று முடிவு செய்பவர் யார்?’ என்று ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லி எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கேள்வி கூடினால் கணக்கெடுப்புச் செலவு கூடும் என்பார்கள். உண்மைதான், கூடும்.

கேள்விகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். “வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறார்களா?” என்று வாசலில் நின்று கேட்டால் அநேகமாக ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். வெட்கம் ஒரு காரணம். அந்தச் சொல்லுக்குள் தன் வீட்டு ஆள் வருவார் என்றே தோன்றாதது இன்னொரு காரணம். ஐநா புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் தொடங்கிய வாஷிங்டன் குழு இதற்காகவே ஆறு கேள்விகளை உருவாக்கியது. கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில் உண்டா, நடப்பதில் அல்லது படி ஏறுவதில், நினைவில் வைப்பதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளிப்பது உடுத்துவது போன்றவற்றில், பிறர் புரிந்துகொள்ளும்படி பேசுவதில். பதில் நான்கு: சிரமமில்லை, கொஞ்சம், மிகவும், முடியவே முடியாது. ஊனம் என்ற சொல்லோ அதற்கு மாற்றான சொல்லோ எங்கும் கிடையாது.

கணக்கெடுப்பாளர்களோடு ஒரு வீட்டுக்குப் போனபோது பழைய கேள்விக்கு அந்த வீட்டு மருமகள் “அப்படி யாரும் இல்லைங்க” என்றார். ஆறு கேள்விகளைப் போட்டதும், திண்ணையில் இருந்த மாமியாருக்கு மூன்றில் ‘மிகவும்’ வந்தது. “அத்தைக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்றார் மருமகள். அந்த அத்தை கழிப்பறைக்குப் போக மூன்று படி ஏற வேண்டும். படியைக் கட்டியது எங்கள் திட்டம். உலகில் சுமார் 130 கோடிப் பேர், ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் திட்டப் பகுதியில் அது ஒரு சதவீதம் என்று வந்தால், கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள்.

தனித்தனியாக எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் 1970களில் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தங்களிடம் பாகுபாடு காட்டியதாகக் கறுப்பினப் பெண்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். எடுத்தது வெள்ளையினப் பெண்களை. கறுப்பினத்தவருக்கும் வேலை இருந்தது, ஆலையில், ஆண்களுக்கு. இரண்டு பட்டியலிலும் சேராமல் நின்றவர்களுக்குத் தனியாக வழக்கு கிடையாது என்று ஆகிவிட்டது. இதை எடுத்துக்காட்டித்தான் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ஒடுக்குமுறைகளின் குறுக்குவெட்டு, அதாவது பல ஒடுக்குமுறைகள் ஒருவர் மேலேயே சேர்ந்து விழுவது, என்ற கருத்தை வைத்தார். ‘பெண்கள் 50 சதவீதம், மாற்றுத்திறனாளிகள் 10 சதவீதம்’ என்று பெருமையாகக் காட்டும் அட்டவணையைப் பார்த்தால், மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் “அந்தப் பிரிவு எடுக்கலை மேடம்” என்ற பதில்தான்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பதாகத் தோன்றலாம். 1991 ஏப்ரலில் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். எச்சரிக்கை பொது இடங்களில் ஆண்களுக்கிடையே போனது. வீட்டிலிருந்த பெண்கள் பலர் கணவர் வந்து சொல்லட்டும் என்று குழந்தைகளோடு காத்திருந்தார்கள். புகலிடங்களில் பெண்களுக்குத் தனி இடமில்லாததால் போகத் தயங்கியவர்களும் உண்டு. பிறகு பெண்களுக்குத் தனி அறையோடு புகலிடங்கள் வந்தன, எச்சரிக்கை சொல்லும் தன்னார்வலர்களில் பெண்களைச் சேர்த்தார்கள். யார் வந்து கதவைத் தட்டுவது என்பதும் திட்ட வடிவமைப்புதான்.

இப்போதெல்லாம் அந்த ஆறு மணி அழைப்பு வந்தால் நான் அரைப் பக்கம் எழுதுவதில்லை. “பட்ஜெட் எக்செல்லை அனுப்புங்க, கூடவே செயல்பாட்டு அட்டவணையும்” என்கிறேன். சமீபத்தில் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, “அதையெல்லாம் ஃபைனல் பண்ணியாச்சு மேடம்” என்றார். “ஃபைனல் பண்ணதையே அனுப்புங்க” என்றேன்.

வந்தது. சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வரி இருந்து, செலவைக் குறைக்கும்போது அடித்திருந்தார்கள். எக்செல்லில் மறைத்து வைத்த வரிகளை விரித்தால் இப்படி நிறையக் கிடைக்கும். அதைத் திரும்ப எடுத்தோம். பயிற்சி நாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருவருக்கு ஊதியம், நடக்க முடியாதவரோடு துணைக்கு வருபவருக்குப் பயணப்படி. இதற்கான பணத்தைப் பதாகை அச்சடிக்கும் செலவிலிருந்து எடுத்தோம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

“கூட்டங்களை மாலை நாலரைக்கு வைக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“திரும்பி வர ராத்திரி ஆயிடும். டிரைவருக்கு ஓவர்டைம் தரணுமே.”

அதற்கும் ஒரு வரி போட்டோம்.