செங்கல் சுவரில் பழைய பெயின்ட் தெறிப்பா? ஆசிட்டைத் தொடாதீர்கள்

மறுபடியும் அதே புகார். பெயின்ட் கறையை எடுக்கப் போய் சுவரே பாழாகிவிட்டதாம். போய்ப் பார்த்தால், வெள்ளைத் துளிகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. சுற்றியுள்ள சாந்துதான் அரித்துப்போய், விரலால் தொட்டாலே மணலாக உதிர்கிறது. என்ன ஊற்றினார்கள் என்று கேட்கவே தேவையில்லை.

இந்த ஆசிட் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கட்டு வேலை முடிந்ததும் செங்கல் மேல் ஒட்டிய சிமென்ட் சாந்தைப் போக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவுவது உண்டு. அதைப் பார்த்தவர்கள் எல்லாக் கறைக்கும் அதுவே மருந்து என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அமிலம் கரைப்பது சுண்ணாம்பையும் சிமென்டையும். எமல்ஷனும் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) எனாமலும் (எண்ணெய்ப் பெயின்ட்) காய்ந்தபின் பிசின் படலம். அமிலம் அதை ஒன்றும் செய்யாது. பெயின்ட்டை விட்டுவிட்டுப் பக்கத்துச் சாந்தைத்தான் தின்னும். செங்கல்லில் உள்ள இரும்பைக் கிளறிப் பழுப்புக் கறையையும் கொண்டுவரும். "இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காக ஊற்றினால் போய்விடும்" என்கிறார்கள். போகாது, சேதம்தான் கூடும். சிந்தியது சுண்ணாம்போ சிமென்ட் பெயின்ட்டோ என்றால் கரையும், உண்மைதான். கூடவே சாந்தும் கரையும்.

கிரைண்டர், கம்பி பிரஷ், மணல் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம். சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் ஒருமுறை போனால் போனதுதான்; அதன்பிறகு செங்கல் மழைநீரைக் குடிக்க ஆரம்பிக்கும்.

சரி, எப்படித்தான் எடுப்பது? முதலில் ஒரு எச்சரிக்கை: பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தடித்த சொட்டுகளைப் பிளாஸ்டிக் தகட்டால் விளிம்பிலிருந்து நெம்பினால் பாதி அப்படியே பெயர்ந்து வரும். மிச்சமுள்ள மெல்லிய புள்ளிகளுக்கு, அதே செங்கல்லின் உடைந்த துண்டை எடுத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். புள்ளி தேய்ந்து, துளைக்குள் இருப்பதையும் செங்கல் பொடி மூடிவிடும். வழவழப்பான செங்கல்லிலும் மேற்பரப்பில் கோடு, மணல் பதித்த செங்கல்லிலும் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அதற்கும் மசியாதது என்றால் பசை வடிவ பெயின்ட் ரிமூவர். தின்னர் வேண்டாம், அது பெயின்ட்டைக் கரைத்துச் செங்கல்லுக்குள்ளேயே அனுப்பிவிடும். பசையைக் கெட்டியாகப் பூசி, பாலிதீன் தாளால் மூடி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை பொறுங்கள். பிறகு வழித்தெடுத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். டைகுளோரோமீத்தேன் (மெத்திலீன் குளோரைடு) என்ற ரசாயனம் கலந்த ரிமூவர் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி ஆளையே கொல்லும். பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-இல் தடைசெய்தது. எந்த ரிமூவரானாலும், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரே ஒரு செங்கல்லில் பூசி, அது நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். ஈரத்தில் எல்லாச் சுவரும் சுத்தமாகத்தான் தெரியும்.

பத்தடி தள்ளி நின்றால் தெரியாத புள்ளிகளை விட்டுவிடுங்கள். அடுத்த முறை ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கீழே சுவரை மூடச் சொல்லுங்கள். எமல்ஷன் தெறித்தால், காய்வதற்குள் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.